எந்தக் கெளுத்தியோடு எந்தக் கெளுத்தி?

ஏப்ரல், மே மாதங்களில் சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பள்ளிப் பிள்ளைகள் நிறையக் கண்ணில் படுவார்கள். பரீட்சை முடிந்த கையோடு அப்பாவையோ மாமாவையோ இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். முன்பெல்லாம் கோல்டு ஃபிஷ், மோலி, ஃபைட்டர் என்று கேட்ட அதே வயதுப் பிள்ளைகள் இப்போது "அண்ணா, பிக்மி கோரி இருக்கா?" என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். கைப்பேசியில் பார்த்த சின்னச் செடித்தொட்டிகள் செய்த வேலை இது. மீனின் பெயரைத் தெரிந்துகொண்டு கடைக்கு வருவது நல்ல பழக்கம்தான். ஆனால் அவர்கள் வாங்கிக்கொண்டு போகும் பையைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. பிக்மி இரண்டு, பாண்டா இரண்டு, அல்பினோ ஒன்று, ஓட்டோ ஒன்று, தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று ஒரு சக்கர். "ஒரே மாதிரி பத்து எதுக்குப்பா? ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரெண்டு எடு, பார்க்க அழகா இருக்கும்" என்று அப்பா சொல்லியிருப்பார். பையன் தலையாட்டியிருப்பான்.

குட்டிக் கெளுத்திகளைச் சேர்த்து வளர்க்க நினைக்கும் அந்தப் பையனுக்காகவும் அந்த அப்பாவுக்காகவும் இதை எழுதுகிறேன். தொட்டியை எங்கே வைப்பது, ஃபில்டரை எப்படி ஓட்டுவது, மீன் விடும் முன் தண்ணீரை நாலைந்து வாரம் சைக்கிள் செய்வது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். வெண்கலம் (பிரான்ஸ்), அல்பினோ, பாண்டா, பெப்பர் ஆகிய கோரிடோரஸ் கெளுத்திகளை, அதாவது கோரிகளைப் பற்றியும் இங்கே விரிவாகப் பேசப்போவதில்லை. ஏதாவது ஒரு வகையில் ஆறேழு வாங்கி நல்ல மணலில் விட்டால் அவை பிழைத்துக்கொள்ளும். குழப்பம் வருவது மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாத சின்ன வகைகளில்தான்.

அவற்றில் முக்கியமானவை மூன்று. மூன்றும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. பிக்மி, பிரேசிலின் மதெய்ரா ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. பக்கவாட்டில் மூக்கு நுனியிலிருந்து வால் வரை ஒரே கறுப்புக் கோடு ஓடும். வளர்ந்த பெண் மீனே இரண்டரை சென்டிமீட்டர்தான், ஆண் இன்னும் சிறிது. ஹஸ்டேட்டஸ் தெற்கே பராகுவே ஆற்றுப் பக்கமும் இருக்கிறது, அமேசானிலும் இருக்கிறது. அதன் வால் அடியில் வேல்முனை போல ஒரு கறுப்புப் புள்ளி, அதைச் சுற்றி வெள்ளை விளிம்பு. ஹப்ரோசஸ், வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் ஓரினோகோ படுகையில் வாழ்வது. உடம்பில் மச்சம் மச்சமாகத் திட்டுகள் இருக்கும், மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் பருமன். 2024-ல் ஆய்வாளர்கள் கோரிடோரஸ் என்ற பெரிய பேரினத்தைப் பிரித்து அடுக்கியதில் பிக்மியும் ஹஸ்டேட்டஸும் காஸ்ட்ரோடெர்மஸ் என்ற பேரினத்துக்குப் போய்விட்டன. கடையில் இன்னும் எல்லாமே கோரிதான். நாமும் அப்படியே சொல்வோம்.

வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் நிறத்தில் இல்லை, தொட்டியில் எந்த மட்டத்தில் வாழ்கிறது என்பதில் இருக்கிறது. ஹப்ரோசஸ் அடிமட்டத்து மீன். மீசையால் மணலைத் துழாவி, வாயில் அள்ளி, செவுள் வழியாக மணலை வெளியே தள்ளிவிட்டு இரையை மட்டும் வைத்துக்கொள்ளும். பிக்மியும் ஹஸ்டேட்டஸும் கெளுத்திகளா என்றே சந்தேகம் வரும். தண்ணீரின் நடு மட்டத்தில் மார்புத் துடுப்புகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். களைத்தால் அகலமான இலை ஒன்றின் மேல் வரிசையாக உட்காரும். கிட்டே போய்ப் பார்த்தால் கண்ணை மட்டும் கீழே உருட்டிச் சிமிட்டும். இப்படி நடுத்தண்ணீரில் கூட்டமாகத் திரிவதைப் பார்க்கத்தான் இந்த மீனை வாங்குகிறோம். கூட்டம் இல்லையென்றால் அந்தக் காட்சியும் இல்லை.

ஆகவே இரண்டு வகை சேர்ப்பதென்றால் என் முதல் தேர்வு பிக்மியும் ஹப்ரோசஸும். ஒன்று நடுவில், மற்றது அடியில். உணவுக்கும் இடத்துக்கும் போட்டி குறைவு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி 56 லிட்டர் பிடிக்கும். மணலும் கட்டையும் போக 45 லிட்டர் மிஞ்சும். அதில் பிக்மி பத்து, ஹப்ரோசஸ் எட்டு தாராளமாக வாழும். பிக்மியோடு ஹஸ்டேட்டஸ் சேர்ப்பதும் நடக்கும். இரண்டும் ஒன்றாகவே நீந்தும். ஆனால் இரண்டிலும் எண்ணிக்கை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குறைந்த பக்கம் ஒதுங்கிப்போகும். மூன்றையும் ஒரே தொட்டியில் வைக்க மூன்றடித் தொட்டியும் மூன்று கூட்டமும் வேண்டும். மாணவர்கள் அதற்கு அவசரப்பட வேண்டாம்.

இனி அந்த 'ரெண்டு ரெண்டு' விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிள்ளைகள் மனம் வெறுத்துத் தொட்டியை மொட்டை மாடியில் கவிழ்த்து வைப்பது பெரும்பாலும் இதனால்தான்.

கடைத் தொட்டியில் நாலைந்து வகைக் கெளுத்திகள் சேர்ந்து இருப்பதைப் பார்த்துத்தான் இந்த ஆசை வருகிறது. அங்கே ஒவ்வொரு வகையிலும் முப்பது நாற்பது இருக்கும். இரண்டு மூன்று நாளில் விற்றுப்போகும். அந்தத் தொட்டி ஒரு தங்குமிடம், வீடு அல்ல. வீட்டுக்கு இரண்டே இரண்டு பிக்மி வந்தால் அவை முதல் நாளே ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். கூட்டமாக இருந்தால் பத்துப் பேரில் ஒருவர் முன்னே போய்ப் பார்ப்பார், ஆபத்தில்லை என்று தெரிந்ததும் மற்றவர்கள் பின்னால் வருவார்கள். முன்னே போகவும் பின்னே வரவும் ஆள் இல்லாத மீன் வெளியே வராது. வெளியே வராத மீன் தின்னாது. பாண்டாவும் அல்பினோவும் பிக்மியைவிட மிகப் பெரியவை. போட்ட தீனி மணலைத் தொடும் முன்பே முடிந்துவிடும். ஒரு வாரம் கழித்து, "இந்த பிக்மி ரொம்ப வீக்கான மீனு சார், தாங்கல" என்று பையன் வந்து சொல்கிறான். மீனிடம் ஒரு கோளாறும் இல்லை. அது பட்டினி கிடந்திருக்கிறது.

அடுத்தது நோய். நாலு வகை என்றால் பெரும்பாலும் நாலு இடத்துச் சரக்கு. ஒன்று பண்ணையில் பிறந்தது, ஒன்று ஆற்றில் பிடித்து இறக்குமதி ஆனது, ஒன்று நேற்றுத்தான் பெட்டியிலிருந்து இறங்கியது. தனித்தொட்டியில் இரண்டு வாரம் வைத்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால், ஒன்று கொண்டுவந்த வெள்ளைப்புள்ளி எல்லோருக்கும் வரும். மருந்து போடலாம் என்றால் கெளுத்திகளுக்குத் தாமிரம் கலந்த மருந்து ஆகாது, உப்பும் அளவு மீறினால் தாங்காது.

மூன்றாவது அந்தச் சக்கர். இதைப் பற்றிக் கோபம் இல்லாமல் எழுத எனக்கு வராது. விரல் நீளத்தில் விற்கும் அந்தக் குட்டி ஒன்றரை அடி வரை வளரும் தென் அமெரிக்க மீன். கண்ணாடியில் உள்ள பாசியைச் சின்ன வயதில் கொஞ்சம் சுரண்டும். வளர வளர அது தின்னும் பாசியைவிட அது போடும் கழிவு அதிகம். இரண்டடித் தொட்டிக்குள் அது திரும்பும்போது மணல் கலங்கும், செடி பிடுங்கிக்கொண்டு வரும், பிக்மிகள் மூலைக்கு மூலை சிதறும். பிறகு என்ன செய்கிறார்கள்? கொல்ல மனம் வராமல் ஏரியில் விடுகிறார்கள். கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களிலும் ஆந்திர, தெலங்கானா நீர்நிலைகளிலும் இந்த மீன் பெருகி, அதன் முள்ளில் சிக்கி வலை கிழிந்து மீனவர்கள் படும் பாடு செய்தியாகவே வந்திருக்கிறது. எந்த மீனும் தொட்டியைக் கழுவித் தராது. வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மாற்றுகிற கைதான் தொட்டியைச் சுத்தம் செய்யும்.

ஷார்க் என்ற பெயரில் விற்கும் பங்காசியஸ், வெள்ளி உடம்பில் புள்ளி போட்ட பிக்டஸ் இரண்டும் இதே பட்டியல்தான். இரண்டும் கெளுத்திகளே. முன்னது ஒரு மீட்டருக்கு மேல் வளரும். பின்னது விரலளவு தாண்டியதும் வாயில் அடங்கும் பிக்மியை இராத்திரியோடு இராத்திரியாக முடித்துவிடும். குட்டியாக இருப்பதும் குட்டி வகையாக இருப்பதும் வேறு வேறு.

பாசி மேயும் குட்டிக் கெளுத்தியான ஓட்டோவை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நாலு சென்டிமீட்டர், பரம சாது, குட்டிக் கோரிகளோடு நன்றாகவே ஒத்துப்போகும். ஆனால் பெரும்பாலும் ஆற்றில் பிடித்து வருகிற மீன், பயணத்தில் பட்டினி கிடந்து வருவது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அதன் அடிவயிறு நமக்குத் தெரியும். வயிறு உருண்டையாக இருந்தால் வாங்குங்கள், உள்ளே ஒட்டிப்போயிருந்தால் விட்டுவிடுங்கள். தொட்டி வைத்து நாலைந்து மாதமாகி, கட்டையிலும் இலையிலும் மெல்லிய பாசிப் படலம் படிந்த பிறகுதான் அதைக் கொண்டுவர வேண்டும். அதுவும் ஐந்தாறாகத்தான்.

நம் நாட்டு ஹாரா ஜெர்டோனையைச் சிலர் கேட்பார்கள். பிரம்மபுத்திரா, சில்ஹட் பக்கத்து மீன், மூன்று சென்டிமீட்டர், காய்ந்த சருகு போல அசையாமல் கிடக்கும். அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், இருட்டிய பிறகு நுண்புழு வேண்டும், அவசரமில்லாமல் தின்ன நேரம் வேண்டும். துறுதுறுவென்ற கோரிகளோடு சேர்த்தால் அதற்கு ஒன்றும் கிடைக்காது. தனியாக வளர்க்க ஆசையிருந்தால் வளர்க்கலாம்.

சேர்ப்பதற்கு மீசை வைத்த மீன்தான் வேண்டும் என்றால், நான் யாரிடமும் தயங்காமல் சொல்வது நம் அயிரையை. கெளுத்தி இனம் இல்லைதான். ஆனால் மணலில் புதைந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு பார்ப்பதும், மீசையால் துழாவி மேய்வதும் கோரிக்கு ஒரு மாற்றுக் குறையாது. வைகை, காவிரி மணலில் பிறந்த மீனுக்குச் சென்னை வெயில் புதிதில்லை. குழம்புக்கு மட்டுமே அதை நாம் தெரிந்து வைத்திருக்கிறோம் என்பது எனக்கு எப்போதும் வருத்தம். பிக்மிக் கூட்டம் நடுவில், நாலைந்து அயிரை மணலில்: கோடையின் தொடக்கத்திலும் முடிவிலும் இப்படி ஒரு தொட்டியை ஓட்டுவது, இறக்குமதி வகைகளையே நிரப்பிய தொட்டியை ஓட்டுவதைவிட எளிது.

எதைச் சேர்த்தாலும் மணல் நைசாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் நீலமும் ரோஸுமான கூழாங்கற்கள் மீசையைத் தேய்த்துவிடும், இடுக்கில் அழுகிய தீனி அந்தப் புண்ணில் சீழ் வைக்கும். ஆற்று மணலைச் சலித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசிப் போடுங்கள். கடல் மணல் வேண்டாம், அதில் உள்ள சிப்பித்தூள் தண்ணீரைக் கடினமாக்கும். போர்வெல் தண்ணீர் மட்டும் உள்ள வீடுகளில் டிடிஎஸ் பார்த்து, அதிகமாக இருந்தால் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து இறக்குங்கள். மீனைப் பிடிக்க வலை வேண்டாம். கோரியின் மார்புத் துடுப்பு முள் விரிந்து பூட்டிக்கொள்ளும், வலையில் மாட்டினால் எடுப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். ஒரு கண்ணாடித் தம்ளரை மணலில் சாய்த்து வைத்து மெல்ல ஓட்டினால் அதுவே உள்ளே போகும்.

யாருக்கு எது பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டி முன் வந்து நின்றதும் நிறமும் ஓட்டமும் கண்ணில் பட வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைக்குக் கப்பி வாங்கிக் கொடுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் சத்தமில்லாமல் உட்கார்ந்து பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் பிக்மி. அந்தப் பிள்ளை ஒரு நாள், குளிர்ந்த தண்ணீர் மாற்றிய மறுநாள் காலையில், பெண் மீன் வயிற்றுத் துடுப்பைக் கைபோல் குவித்து அதில் ஒற்றை முட்டையை ஏந்திக்கொண்டு இலை இலையாக இடம் தேடுவதைப் பார்க்கும். அதைப் பார்த்த பிள்ளைக்கு வேறு யாரும் பொறுமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பணம் உங்களுடையது, தொட்டி பிள்ளையுடையது. எத்தனை வகை என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். ஒரே வகையில் பத்து கேட்கிற பிள்ளை விவரம் தெரிந்துதான் கேட்கிறது.

கடைசியாக, மீன் வாங்கும் நேரம். இந்தச் சின்னக் கோரிகளுக்குப் பொருத்தமான வெப்பம் 22 முதல் 26 டிகிரி. சென்னையில் மே மாதத்துத் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரியைத் தொடும். சூடேறிய தண்ணீரில் பிராணவாயு குறையும். கோரிகள் மேலே பாய்ந்து காற்றை விழுங்கிக் குடலால் மூச்சு வாங்கக்கூடியவைதான், எப்போதாவது பாய்ந்தால் அது இயல்பு, நிமிடத்துக்கொரு முறை பாய்ந்தால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். இருந்தாலும் புதுத் தொட்டி, புது மீன், கத்திரி வெயில் மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டாம். விடுமுறையில் தொட்டியை வையுங்கள், மணலை அலசுங்கள், செடியை நட்டு வேர் பிடிக்க விடுங்கள், ஃபில்டரை ஓட விடுங்கள். மீனை வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு வாங்குங்கள். ஒரே வகையில், பத்தாக.