விலைக்கு வாங்கிய மூலிகைத் தொட்டிச் செடிகளைப் பேணும் முறை

செய்யாற்றங்கரைக் கலசப்பாக்கம் வட்டாரத்தில் நெல்லும் மணிலாக்கொட்டையும் திறம்பட விளைவிக்கும் குடியானவர் வீட்டிலும், விலைக்கு வாங்கிய துளசியோ கற்பூரவல்லியோ இரண்டொரு மாதத்தில் மடிந்துபோவதுண்டு. குழந்தைக்கு இருமல் கண்ட இரவில்தான் அதன் அருமை தெரியவரும். இதற்குக் காரணம் பெரும்பாலும் நீர்க்குறைவன்று, நீர் மிகுதியே.

நெற்பயிரின் உடலில் காற்று வேருக்கு இறங்கும் வழிகள் உள. ஆதலின் அது தேங்கிய நீரில் வாழும். துளசிக்கு அவ்வசதியில்லை. மண்ணிடை நீர் நிரம்பின் வேர் மூச்சற்று அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாமையால் இலை வாடும். வாட்டங்கண்டு வீட்டார் மேலும் நீர் வார்ப்பர். மூவர் மூன்று வேளை வார்க்கும் வீட்டில் செடி விரைவிலேயே மாளும். விரலை மண்ணில் ஓரங்குலம் செலுத்திப் பார்த்து, ஈரமின்றேல் மட்டும் நீர் விடுக.

நாற்றுப்பண்ணையில் நிழல்வலையின்கீழ் வளர்ந்த செடியை வந்த அன்றே முற்றத்து வெயிலில் வைத்தலாகாது. கத்தரி நாற்றைப் பழக்கி நடுவதுபோல, ஒரு வாரம் நிழலிலும், பின் காலை வெயிலிலும் வைத்துப் பழக்க வேண்டும். அதன்பின் ஒரு மாலைப்பொழுதில் பையைக் கிழித்து, அடியில் சுருண்ட வேர்களை மெல்லத் தளர்த்தி, துளையுள்ள மண்தொட்டியில் நடுக. செம்மண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு போதும். துளையின்மேல் ஓட்டுச்சில்லு ஒன்று கவிழ்த்து வைத்தல் நலம்.

தொட்டியடித் தட்டில் நீர் தேங்கவிடுதல் செடிக்கு மட்டுமன்று, ஊருக்கும் கேடு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய நீரில் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் முட்டையினின்று கொசுவாகிவிடும். கிராம அதிகாரிகள் வீடுதோறும் பார்வையிடுங்கால் இதனையும் நோக்குவாராக.

துளசிக்கு நல்ல வெயில் வேண்டும். பூங்கதிரை அவ்வப்போது கிள்ளினால் தழை பெருகும். புதினாவுக்கு அரைநிழலும் இடையறா ஈரமும் தேவை. அகன்ற தொட்டியே ஏற்றது. திருநீற்றுப்பச்சை விதை முற்றியபின் பட்டுப்போதல் இயல்பாதலின் அதற்கு வருந்த வேண்டா. விதையைச் சேர்த்து வைத்தல் போதும். கற்பூரவல்லியோ தடித்த இலையில் நீரைச் சேமிப்பது. அடைமழையில் தாழ்வாரத்தில் ஒதுக்காவிடின் அழுகும். ஐப்பசி மழைக்கு முன்னரே நான்கங்குலத் தண்டுகள் இரண்டை வேறு தொட்டியில் ஊன்றி வைத்தால், தாய்ச்செடி போயினும் மறுபடி விலைக்கு வாங்க நேராது.