நாக்கு மீன்

மீன் என்றதும், பக்கத்திற்கு ஒரு கண்ணுடையதாய் நீரினூடே நிமிர்ந்து நீந்தும் உயிரையே யாவரும் எண்ணுவர். மலையாளக் கரையோரத்துச் சேற்றுப் படுகையில் வாழும் நாக்கு மீன் அவ்வெண்ணத்திற்கு அடங்காதது. ஒரு சாணுக்குள் அடங்கும் இச்சிறு மீனை மலையாளத்தார் மாந்தள் என்பர். தட்டையாய் நீண்டு நுனி குறுகிய இதன் வடிவிற்கு நாக்கு என்னும் பெயர் எத்துணைப் பொருத்தம்! தட்டை மீன்களுள் பெரியதொன்றைத் தமிழ்க் கரையோர் எருமை நாக்கு என வழங்கினர். 1801இல் வெளிவந்த ஜெர்மானியர் நூலொன்று, அம்மீனுக்கு இட்ட அறிவியற் பெயரிலேயே ‘எருமை’ என்ற நம் சொல்லை ஏற்றுக்கொண்டது.

நாக்கு மீன் பிறவியிலேயே தட்டையானதன்று. அதன் முட்டை நீரில் மிதப்பது. வெளிவரும் குஞ்சு ஏனைய மீன்குஞ்சுகளைப் போலவே நிமிர்ந்து நீந்தும். கண்களும் இருபுறமும் அமைந்திருக்கும். பின்னரே விந்தை நிகழ்கின்றது. வலக்கண் மெல்ல மெல்ல இடம்பெயர்ந்து, தலையைக் கடந்து, இடக்கண்ணின் அருகே வந்து சேர்கின்றது. தட்டை மீன்களில் இம்மாற்றத்தை நடத்துவது தைராய்டுச் சுரப்பியின் நீராகும். கண்ணை இழந்த வலப்பக்கம் அடிப்பக்கமாகி வெளுத்துப்போகும். மேற்பக்கமாகிய இடப்பக்கம் சேற்றின் பழுப்பு நிறம் கொள்ளும். மார்புத் துடுப்பும் இல்லாதொழியும். வாயோ கொக்கிபோல் வளைந்த மூக்கின் கீழ் ஒருபுறம் கோணி நிற்கும். அழகன்று, ஆயினும் தரையில் கிடந்து இரை தேடுதற்கு ஏற்றது.

உடலைச் சேற்றில் புதைத்துக் கண்களை மட்டும் வெளியே நீட்டி இம்மீன் அசையாது கிடக்கும். கடற்புழுக்களும் சேற்றில் வாழும் சிற்றுயிர்களும் அதற்கு உணவு. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின் கூட்டங்கூட்டமாகக் கரையை அடுத்து வரும். புரட்டாசி, ஐப்பசியில் வலைஞர்க்கு அதுவே நல்ல வேட்டை. மிகுதியானவற்றை மணலில் பரப்பி உலர்த்துவர்.

பெருமீன்களின் கண்ணுக்குத் தப்புவிக்கும் அதே வழக்கம் இழுவை வலையின் முன் பயன்படுவதில்லை. கனத்த அடிக்கயிறு தரையை உரசிக்கொண்டு வரும்போது, ஒளிந்து கிடப்பதே அதற்குக் கேடாகின்றது. வலைக்கண் சிறிதாயின் குஞ்சுகளும் தப்பா. கேரள அரசு 1988 முதல் மழைக்காலத்தில் சில வாரங்கள் இழுவைப் படகுகளைத் தடுத்து வருகின்றது. தடை நீங்கியபின் கரையேறும் கூடைகளிலோ, விரல் நீளக் குஞ்சுகளும் கலந்தே வருகின்றன.