மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச்

கேள்வி: செப்டம்பரில் மகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்புகிறோம்; திரும்ப மார்ச் ஆகிவிடும். பெட்ரோல் கார் அபார்ட்மென்ட் தரைத்தளத்தில் நிற்கும். போன தடவை வாட்ச்மேனிடம் சாவி கொடுத்து வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்யச் சொல்லியும் பேட்டரி செத்துவிட்டது. கட்-ஆஃப் சுவிட்ச் போடலாம் என்கிறார் மெக்கானிக். போடலாமா?
– வாசகர், மந்தைவெளி

பதில்: தாராளமாகப் போடுங்கள். வாட்ச்மேன் மேல் தப்பில்லை, கணக்குதான் உதைக்கிறது. சாவியை எடுத்த பிறகும் அலாரம், சென்ட்ரல் லாக், இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 5 ஆம்பியர்-மணி போய்விடும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஏழே வாரத்தில் காலி. ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடினால் போனதில் பாதிகூடத் திரும்பி வராது. காலியாகவே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும்; அப்புறம் சார்ஜ் ஏறாது.

ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும், ஸ்டார்ட்டர் இழுக்கும் நொடிகளில் எத்தனை தாங்கும் என்று இரண்டையும் கேளுங்கள். சின்ன பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டரே நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; டீசல் இன்னும் அதிகம்.

சுவிட்சை மைனஸ் பக்கம்தான் போட வேண்டும். மைனஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மைனஸ் இணைப்பு இருக்கும்போதே ப்ளஸில் கை வைத்து ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள கார்களில் மைனஸ் முனையிலேயே ஒரு சென்சார் இருக்கும். அப்படிப்பட்ட காரோ வாரன்டியில் உள்ள காரோ என்றால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டே கை வையுங்கள். படுக்கை, ஃப்ரிட்ஜ் வைத்த கேரவன் வேன்களில் இரண்டு பேட்டரி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் தேவை.

கிளம்பும் நாளில் இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து வைத்துக் கதவுகளைப் பூட்டுங்கள். சில நிமிடம் கழித்து சுவிட்சைத் திருப்பிவிட்டு பானெட்டை மூடுங்கள். இன்ஜின் ஓடும்போது திருப்பவே கூடாது. ஆல்டர்நேட்டரின் வோல்டேஜ் எகிறி எலக்ட்ரானிக்ஸ் பாழாகும். திரும்பி வந்ததும் ரிமோட் வேலை செய்யாது. டிரைவர் கதவை உலோகச் சாவியால் திறக்க முடிகிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பானெட் லீவர் உள்ளேதான் இருக்கிறது.

நீங்கள் இல்லாத மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. இணைப்புகளில் கரன்ட் இருக்கும்போது தண்ணீர் பட்டால் அரிப்பு வேகமாகப் பிடிக்கும். சுவிட்ச் அணைந்திருந்தால் அந்தச் சேதம் குறையும். ஆனால் கார் நீரில் நின்றதென்றால் யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது, இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப் கொண்டுபோக வேண்டும் என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.

சுவிட்ச் போட்டாலும் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சென்னை வெக்கையில் இன்னும் வேகமாக. முழு சார்ஜில் விட்டுப் போங்கள். டிசம்பர் வாக்கில் மெக்கானிக்கை ஒருமுறை வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட வேண்டும்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே சுவிட்சைப் பொருத்தி நன்றாக ஓட்டிப் பாருங்கள். இன்ஜினை நிறுத்தியதும் சுவிட்சைத் தொட்டுப் பார்க்கையில் பக்கத்துப் பாகங்களைவிடச் சுட்டால், இணைப்பு தளர்வாக இருக்கலாம். முறுக்கியும் சரியாகாவிட்டால் நல்லதாக வேறு வாங்கிப் போடுங்கள்.