பீரங்கி முந்தியா, பெரணி முந்தியா?

கேள்வி: சிங்கப்பூரில் லாப்ரடோர் இயற்கை வனப்பகுதிக்குப் போயிருந்தோம். மரங்களுக்கு நடுவே பீரங்கி மேடை, பழைய சுவர், சுரங்க வாசல் என்று இருந்தன. காட்டுக்குள் கோட்டை எப்படி வந்தது?
– வாசகர், ஜொகூர் பாரு

பதில்: கோட்டைக்குப் பிறகுதான் வனப்பகுதி என்ற பெயரே வந்தது. கெப்பல் துறைமுகத்தின் மேற்கு வாயிலைக் காக்க, 1870களில் பிரிட்டிஷார் இந்தக் குன்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டியதுதான் பாசிர் பாஞ்சாங் கோட்டை. எதிர்க்கரையில், இன்றைய செந்தோசாவில், சிலோசோ கோட்டை. இரண்டுக்கும் நடுவே எதிரிக் கப்பல் எதுவும் நுழைய முடியாது என்பது கணக்கு.

கணக்கு தப்பவில்லை, எதிரி கடல்வழியே வரவில்லை, அவ்வளவுதான். 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியப் படை ஜொகூர் நீரிணையைத் தாண்டி, தீவின் வடமேற்கில் கரையேறியது. சிங்கப்பூரின் பீரங்கிகளெல்லாம் கடலைப் பார்த்தே நின்றன, திருப்ப முடியவில்லை என்று இன்றும் சொல்வார்கள். அது பாதிக் கதை. பல பீரங்கிகளை நிலப்பக்கம் திருப்ப முடிந்தது, திருப்பிச் சுடவும் செய்தார்கள். ஆனால் கையிருப்பில் பெரும்பகுதி கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கும் குண்டு. அது மண்ணில் ஆழப் புதைந்து வெடிக்கும். பரவி வரும் காலாட்படையை அதிகம் வாட்டாது. லாப்ரடோரில் இருந்தவை 6 அங்குலப் பீரங்கிகள். பாசிர் பாஞ்சாங் மேட்டில் மலாய்ப் படைப்பிரிவு கடைசிவரை போரிட்டபோது, அவர்களுக்குத் துணையாக இவையும் முழங்கின. அந்தப் படைப்பிரிவின் லெப்டினன்ட் அட்னான் சைடி, அதே மேட்டிலுள்ள புக்கிட் சண்டுவில் வீழ்ந்தது 14-ஆம் தேதி. மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது.

போர் முடிந்ததும் கோட்டைக்கு வேலையில்லை. 1951-இல் இந்தக் குன்றை வனக் காப்பிடமாக அறிவித்தார்கள். அதற்குக் காரணம் கோட்டை இல்லை, கடலோரப் பாறைச் சரிவும் அதில் வளர்ந்த பெரணிகளும்தான். (இன்று பெரணியைத் தேடிப் போகிறவர் எத்தனை பேர்? எல்லாரும் பீரங்கியோடுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.) 1973-இல் அந்தத் தகுதி பறிபோய், வெறும் பூங்கா ஆனது. 2001-இல் சுரங்கங்கள் வெளிப்பட்டுப் பேச்சாயிற்று. 2002-இல் வனப்பகுதித் தகுதி திரும்பக் கிடைத்தது. சிங்கப்பூர்ப் பெருந்தீவில் மக்கள் போய்ப் பார்க்கக்கூடிய கடலோரப் பாறைச் சரிவு இது ஒன்றுதான். நிலத்தை நிரப்பி நிரப்பிக் கரையையே மாற்றிக்கொண்ட ஊரில் இது தப்பியது பெரிய விஷயம்.

அடுத்த முறை போனால் சிலோசோவையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால், எதற்காக அந்த இடத்தில் கட்டினார்கள் என்பது பிடிபடாது.