கட்டத்துக்குள் எழுத்து

நுழையும்முன்

எழுத்து, தான் எழுதப்படும் பொருளுக்கேற்ப உருமாறும் இயல்புடையது. கல்லில் உளி செதுக்கிய கோடும் ஓலையில் எழுத்தாணி கீறிய கோடும் ஒன்றுபோல் இரா. ஓலை கிழிந்துவிடாதிருக்கப் புள்ளியிடாமல் எழுதிய வழக்கமும் தமிழில் இருந்தது. மின்திரை தோன்றியபோது எழுத்துக்குக் கிடைத்தது ஒரு சிறு கட்டமே. அதனுள் எழுத்துகள் எவ்வாறு அமர்ந்தன, எம்மொழிகளுக்கு அவ்விடம் போதாமற்போனது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

அறுபத்து நான்கு புள்ளிகள்

திரையில் தோன்றும் உருவங்கள் யாவும் ‘பிக்சல்’ எனப்படும் படப்புள்ளிகளால் ஆனவை. 1970களில் வெளிவந்த விளையாட்டு எந்திரங்களின் நினைவகம் மிகச் சிறியது. ஆதலால், ஓர் எழுத்துக்கு எட்டு வரிசைகளும் எட்டு நிரல்களும் கொண்ட கட்டம் ஒதுக்கப்பட்டது. ஒளிரும் புள்ளி 1 எனவும் ஒளிராப் புள்ளி 0 எனவும் குறிக்கப்பெறும். ஒரு வரிசையின் எட்டுப் புள்ளிகள் ஒரு பைட் ஆகும். ஓர் எழுத்துக்கு எட்டு பைட்டுகள் போதும். ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகளும் 10 எண்களும் 288 பைட்டுகளுக்குள் அடங்கிவிடும்.

அடுத்தடுத்த எழுத்துகள் ஒட்டிக்கொள்ளாதிருக்க ஒரு வரிசையும் ஒரு நிரலும் வெறுமையாக விடப்படும். எனவே, எழுத்துக்கு உண்மையில் எஞ்சுவது ஏழுக்கு ஏழு என்னும் இடமே. அமெரிக்காவின் அட்டாரி நிறுவன விளையாட்டுகளில் 1976 அளவில் தோன்றிய எழுத்துவடிவம் இவ்வகையில் புகழ்பெற்றது. அதில் செங்குத்துக் கோடுகள் இரு புள்ளி அகலமும் கிடைக்கோடுகள் ஒரு புள்ளித் தடிப்பும் கொண்டிருந்தன. ஒரு புள்ளி அகலமுள்ள செங்குத்துக் கோடு படக்குழாய்த் திரையில் மங்கித் தெரியும் என்பதால் இவ்வமைப்பு பயன் தந்தது. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980இல் வெளியிட்ட ‘பேக்மேன்’ விளையாட்டிலும் இவ்வடிவத்தைக் காணலாம்.

ஒரு புள்ளியின் மதிப்பு

விளையாடுபவர் மதிப்பெண்ணை ஒரு நொடிப் பார்வையில் படித்தறிய வேண்டும். ஆங்கில ‘பி’ எழுத்தும் எட்டு என்னும் எண்ணும் சிறு கட்டத்தில் ஏறத்தாழ ஒரே தோற்றம் பெறும். ‘பி’யின் இடப்பக்க மூலைகளை நிறைத்தும் எட்டின் மூலைப்புள்ளிகளை நீக்கியும் வடிவமைப்பாளர் அவற்றை வேறுபடுத்தினர். ‘க’, ‘க்’ என்னும் எழுத்துகளை ஒரு புள்ளியால் பிரித்தறியும் தமிழருக்கு இந்நுட்பம் புதிதன்று.

வளைவுகள் வேறொரு சிக்கலைத் தந்தன. சதுரப்புள்ளிகளால் வரைந்த வளைவு படிக்கட்டுப்போல் தோன்றும். 1984இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணினிக்காகச் சூசன் கேர் என்னும் ஓவியர் ‘சிகாகோ’ எழுத்துருவை உருவாக்கினார். கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்கோடு ஆகியவற்றையே பெரிதும் கையாண்டு அப்படிக்கட்டுத் தோற்றத்தைக் குறைத்தார். அவ்வெழுத்துரு 2001இல் வெளிவந்த ‘ஐபாட்’ இசைக்கருவியின் சிறுதிரையிலும் இடம்பெற்றது. சுசானா லிச்கோ என்னும் வடிவமைப்பாளரோ 1985இல் ‘எம்பரர்’, ‘ஓக்லண்ட்’ முதலிய எழுத்துருக்களைப் படைத்தார். அச்செழுத்தைப் போலச் செய்யாமல், புள்ளியின் கரடுமுரடான தோற்றத்தையே அவற்றின் அழகாக்கினார்.

கட்டம் போதாத மொழிகள்

எட்டுக்கு எட்டுக் கட்டம் ஆங்கில எழுத்துகளுக்குப் பொருந்தியது. பிறமொழிகளுக்கு அவ்வாறு அமையவில்லை. ஜப்பானிய மொழியின் காஞ்சி எழுத்துகள் தெளிவாகத் தெரியப் பொதுவாகப் பதினாறுக்குப் பதினாறு கட்டம் வேண்டும். ஓர் எழுத்துக்கு 32 பைட்டுகள் ஆகும். அத்தகைய எழுத்துகளோ ஆயிரக்கணக்கில் உள்ளன. 1986இல் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டின் மொத்த அளவே 64 கிலோபைட். ஆகவே, காஞ்சியை விடுத்து, ஒலியைக் குறிக்கும் எளிய எழுத்துகளிலேயே அதன் கதை எழுதப்பட்டது. அவற்றிலும் கதகனா என்னும் வகையில் சில எழுத்துகளே சேர்க்கப்பட்டன. அரக்கர்களின் பெயர்கள்கூட அச்சில எழுத்துகளுக்குள் அடங்குமாறு சூட்டப்பட்டன.

தமிழின் நிலையையும் எண்ணிப் பார்க்கலாம். இரு கோடுகளுக்கிடையே ஒரு புள்ளியேனும் வெறுமையாக இருத்தல் வேண்டும். ஏழு நிரல்களில் நான்கு செங்குத்துக் கோடுகளுக்கே இடமுண்டு. மூன்றுசுழி ணகரம் அதற்கு மேலும் இடம் கேட்பது. இடமில்லையென ஒரு சுழியை நீக்கினால் ‘மணம்’ என்பது ‘மனம்’ ஆகிவிடும், பொருளே மாறும். மேலும், உகர, ஊகார உயிர்மெய்கள் 36-க்கும் பெரும்பாலும் தனித்தனி வடிவங்கள் வேண்டும்.

1998இல் தொடங்கப்பெற்ற ‘யூனிஃபாண்ட்’ என்னும் கட்டணமில்லா எழுத்துரு, 16 புள்ளி உயரமும் 8 அல்லது 16 புள்ளி அகலமும் கொண்ட கட்டங்களில் உலக மொழிகள் பலவற்றின் எழுத்துகளைத் தொகுத்துள்ளது. தமிழும் அதில் உண்டு. ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டு தன் எழுத்துருவில் இல்லாத எழுத்துகளுக்கு இதனையே துணைக்கொள்கிறது.

மீண்டும் புள்ளி

இன்றைய திரைகளில் புள்ளிகளைக் கண்ணால் பிரித்தறிய இயலாது, நினைவகத்துக்கும் பஞ்சமில்லை. ஆயினும், புள்ளியோவிய விளையாட்டுகளைப் படைப்போர் புள்ளியெழுத்தையே நாடுகின்றனர். சதுரங்களால் ஆன ஓவியத்தின் நடுவே வழுவழுப்பான எழுத்து ஒட்டாமல் நிற்பதே அதற்குக் காரணம். இவ்வெழுத்தை இருமடங்கு, மும்மடங்கு என முழுவெண் அளவில் பெரிதாக்குதல் வேண்டும்; ஒன்றரை மடங்காக்கினால் புள்ளிகள் ஒழுங்கு குலைந்து மங்கும்.

ஒரு மொழியின் எழுத்தில் எதனைக் குறைக்கலாம், எதனைக் குறைத்தால் பொருள் கெடும் என்பதை அம்மொழியை நாள்தோறும் படித்து எழுதுவோரே நன்கறிவர். தமிழ் விளையாட்டுகளுக்கான புள்ளியெழுத்துகளை வடிவமைக்கும் பணி, கணினியறிவோடு தமிழறிவும் உடைய இளைஞர்களை எதிர்நோக்கியுள்ளது. அதனைத் தொடங்கக் கட்டமிட்ட தாளும் பென்சிலும் போதும்.

கற்பவை கற்றபின்

1. கட்டமிட்ட தாளில் ‘ன’, ‘ண’ ஆகியவற்றை எட்டுக்கு எட்டுக் கட்டத்திலும் பதினாறுக்குப் பதினாறு கட்டத்திலும் வரைந்து ஒப்பிடுக.
2. உம் பெயரைப் புள்ளியெழுத்தில் எழுதுக. சற்றுத் தொலைவில் நிற்கும் நண்பரைப் படிக்கச் செய்து, பிழையாகப் படித்த எழுத்தைத் திருத்தி வரைக.