பூத்த பரங்கி ஏன் காய்க்கவில்லை?

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுக் கொல்லை வேலியில் பரங்கிக் கொடி ஏற்றிவிட்டிருக்கிறேன். பூவுக்குக் குறைவில்லை. பிஞ்சுதான் எலுமிச்சை அளவிலேயே மஞ்சளாகி வெம்பி விழுந்துவிடுகிறது. அதே வேலியில் புடலை நன்றாகக் காய்க்கிறது. செம்பருத்திக்குத் தினமும் ஒரு சின்னக் குருவி வந்து தேன் குடிக்கிறது. அது ஹம்மிங் பறவை, மகரந்தச் சேர்க்கை செய்யும் என்று என் மகள் புத்தகத்தைக் காட்டிச் சொல்கிறாள். அதைப் பரங்கிப் பூவுக்கும் வரவழைக்க முடியுமா?
– ஒரு வாசகி, திருமலைராயன்பட்டினம்

பதில்: முதலில் உங்கள் மகளுக்குச் சொல்லிவிடுகிறேன். செம்பருத்திக்கு வருவது தேன்சிட்டு. ஹம்மிங் பறவைகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தாலும் அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில்தான் வாழ்கின்றன. ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் இருந்திருக்கின்றன. ஜெர்மனியில் கிடைத்த சுமார் 3 கோடி ஆண்டுப் பழைமையான எலும்புகளைப் பற்றி 2004-ல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. தேன்சிட்டுக்கும் அதற்கும் உறவில்லை. இரண்டும் பூந்தேனை நம்பிப் பிழைப்பதால் மூக்கும் நாக்கும் ஒரே மாதிரி நீண்டுவிட்டன. ஹம்மிங் பறவை நொடிக்கு 50 முறைக்கு மேல்கூடச் சிறகடித்து, பூவின் முன் அந்தரத்தில் நின்றே குடிக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பிலோ கிளையிலோ உட்கார்ந்துதான் குடிக்கும். மகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

சிட்டு வந்துபோன செம்பருத்தி ஒன்றைப் பறித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பச்சைப் புல்லிக்கு அருகில் மெல்லிய கீறல் இருக்கும். பூவின் வாய் வழியே போகாமல், பக்கவாட்டில் குத்தித் தேனை எடுத்த தடம் அது. மகரந்தம் நீண்ட தண்டின் நுனிப்பக்கம் இருக்கிறது. சிட்டின் மேல் ஒட்டவே ஒட்டாது. இதற்காக அதை விரட்டாதீர்கள். கொல்லைச் செம்பருத்தி பெரும்பாலும் விதை கட்டுவதில்லை, பதியன் போட்டுத்தானே வளர்க்கிறோம். தேன்சிட்டு மகரந்தம் சுமக்கும் இடங்கள் வேறு. கல்யாண முருங்கையின் சிவப்புப் பூவுக்கு அது வேண்டும். கண்டல் மரங்களில் புரூகியேரா என்றொரு இனம் உண்டு. அதில் சில வகைகளின் பூவைச் சிட்டின் அலகு தொட்டதும் இதழ் பட்டென்று வெடித்து அதன் தலையில் மகரந்தத்தைத் தூவும்.

பரங்கிக்கு வேண்டியது தேனீ. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும். மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் பறக்காது. விடியலில் விரியும் பூ வெயில் ஏறியதும் சுருங்கிவிடும், மறுநாள் விரியாது. அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீக்கள் பலமுறை வந்துபோக வேண்டும். காய்க்குள் உருவாகும் ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துகள் தேவை. போதுமான அளவு வந்து சேர்ந்தால் காய் திரளும். அரைகுறையாக வந்தால் ஒரு பக்கம் சூம்பிக் கோணலாகும். வரவே இல்லையென்றால் நீங்கள் எழுதியதுபோல வெம்பி விழும்.

புடலை காய்ப்பதற்கும் காரணம் மகரந்தச் சேர்க்கைதான். அதன் வெள்ளைப் பூ மாலையில் விரிகிறது. இரவில் வரும் அந்துப்பூச்சிகள் மகரந்தம் சேர்க்கின்றன. சுரையும் பீர்க்கும்கூடச் சாயங்காலம் விரிபவைதான். ஆக, உங்கள் வேலிக்கு இரவுப் பூச்சி வருகிறது, காலைப் பூச்சி வரவில்லை என்று நினைக்கிறேன்.

ஏன் வரவில்லை? நெல்லுக்குத் தேனீ தேவையில்லை. அதன் மகரந்தம் அதன் சூலகத்திலேயே விழுந்து மணி பிடித்துவிடும். உளுந்தும் பயறும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால் காவிரிக் கடைமடையில் தேனீயைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. மருந்து எப்போது அடிப்பது என்று முடிவு செய்யும்போதும் யாருக்கும் அதன் நினைவு வருவதில்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம். நெற்பூவில் தேன் கிடையாது, ஆனால் மகரந்தத்துக்காகத் தேனீ அங்கேயும் போகும். ஜப்பானில் கதிரை உறிஞ்சும் நாவாய்ப் பூச்சிக்கு அடித்த மருந்தால் நெல்வயல்களை ஒட்டித் தேனீக்கள் கூட்டமாக மடிந்திருக்கின்றன. கடற்கரைப் பக்கம் நட்டிருக்கும் சவுக்கும் தேனீக்கு உதவாது; அது காற்றில் மகரந்தம் விடும் மரம். பட்டினத்தில் தேனீக்குச் சோறு போடுவது தென்னம்பாளையும் முருங்கையும் வேலியோரத் தும்பையும்தான். தும்பையைக் களை என்று பிடுங்கிவிடாதீர்கள்.

ஒரு நாள் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை விரிந்த பெண் பூ அருகில் நின்று பாருங்கள். அடுக்குத் தேனீ, சின்னதான கொம்புத் தேனீ, கொசு அளவே இருக்கும் கொடுக்கில்லாத் தேனீ, இவற்றில் எது வந்தாலும் நல்லது. முருங்கைக்கு வரும் பெரிய கருவண்டைக் கண்டு பயப்பட வேண்டாம். முருங்கை காய்ப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் தேனீ இனம் அது. பழைய பந்தல் கால் ஒன்றை விட்டுவைத்தால் போதும்.

ஒன்றுமே வரவில்லையென்றால் நீங்களே சேர்த்துவிடலாம். அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டின் மஞ்சள் பொடி பெண் பூவின் சூல்முடி முழுக்கப் படும்படி தடவுங்கள். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். பக்கத்து வயல்காரர் காலையில் மருந்து அடிப்பவராக இருந்தால், தேனீக்கள் கூடு திரும்பிய பின் சாயங்காலம் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கொடிக்கு மருந்தே வேண்டாம். அதில் சாயங்காலம் அடித்தாலும் புடலைக்கு வரும் அந்துப்பூச்சி சாகும்.

கையால் சேர்த்தும் பிஞ்சு விழுந்தால், விழுந்ததை அறுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. அந்தப் பிஞ்சுகளைக் குப்பையில் போடாமல் ஒரு முழம் ஆழத்தில் புதையுங்கள். அப்படியும் தீராவிட்டால், புழுவிருக்கும் பிஞ்சு ஒன்றை எடுத்துக்கொண்டு காரைக்காலில் உள்ள பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரிக்குப் போய் பூச்சியியல் துறையில் காட்டுங்கள்.