இசைத்தட்டுக்கு ஒரு மரப்பீடம்

இசைத்தட்டுக் கருவி வாங்குவோர் அதன் ஊசியைப் பற்றி ஆராய்வர். ஒலிபெருக்கியைப் பற்றி ஆராய்வர். அது நிற்கும் இடத்தைப் பற்றி எண்ணுவோர் சிலரே. கையில் கிடைத்த முக்காலியில் வைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கத் தொடங்கிவிடுவர். ஆயின் பாட்டின் தெளிவிலும் தட்டின் ஆயுளிலும் பீடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தமானில் உள்ள எங்கள் வீட்டுக்கு அத்தகைய மரப்பீடம் ஒன்றை நானே செய்தேன். அப்போது அறிந்தவற்றை மாணவ நண்பர்கட்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

முதலில், பீடம் எதற்கு? இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் உள்ள நெளிவுகளே ஒலியாகின்றன. மென்மையான ஒலிக்குரிய நெளிவு, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும். அதனை உணரும் ஊசிக்கு, அசைவது பள்ளமா, தரையா என்று பிரித்தறியத் தெரியாது. எது அசைந்தாலும் அதனை ஒலியாக்கிவிடும். நாம் நடப்பதால் எழும் அதிர்வு நொடிக்குச் சில முறை என்ற அளவில் அமைவது. ஊசியைத் தாங்கும் கையும் ஏறக்குறைய நொடிக்குப் பத்து முறை என்ற அளவில் தானாகவே ஆட வல்லது. இரண்டும் நெருங்கும்போது ஊசி துள்ளுகிறது; தட்டில் கீறல் விழுகிறது. ஆகவே பீடத்தின் கடமை ஒன்றே: அசையாதிருத்தல்.

எங்கள் வீடு, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில் உள்ள பழைய மரவீடு. தரையும் பலகையே. ஒருவர் கூடத்தைக் கடந்தால் அலமாரியில் உள்ள கண்ணாடிக் குவளைகள் ஒலிக்கும். அங்கே தாத்தா கப்பலில் கொண்டுவந்த அரக்கு இசைத்தட்டுகள் இருக்கின்றன. அவை கைதவறினால் ஓடுபோல் உடைபவை. கடையில் மீண்டும் கிடைக்காதவை. அவற்றின் பொருட்டே இம்முயற்சியில் இறங்கினேன்.

மரத்தைத் தேர்வது அடுத்த வேலை. அந்தமானின் புகழ்பெற்ற மரம் படாக். செந்நிறமும் உறுதியும் உடையது; கறையான் எளிதில் அணுகாதது. 1883-இல் தொடங்கப்பெற்ற சாத்தம் மர அறுவை ஆலையில் இம்மரம் மிகுதியாக அறுக்கப்பட்டது. 2002-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின் தீவுகளில் மரம் வெட்டுவது பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. காடு பிழைக்க அது வேண்டியதே. எனவே புதுமரத்தை நாடாமல், வீட்டில் கழித்துப்போட்ட பழைய படாக் கட்டில் ஒன்றைப் பிரித்தேன். பழைய மரத்தில் மற்றொரு நன்மையும் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரின் ஈரக்காற்றுக்கு அது நன்கு பழகியிருக்கும். இழைக்கும்போது மட்டும் மூக்கைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். படாக் தூள் தும்மலையும் எரிச்சலையும் தரும்.

மேற்பலகையின் நீளம் 60, அகலம் 45, கனம் 3 சென்டிமீட்டர். மொத்த உயரம் 65. நான்கு கால்களையும் சட்டங்களால் இணைத்தேன். சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, காலில் உளியால் எடுத்த துளையில் பசையிட்டு இறுக்கினேன். நான்கு பக்கம் உடைய சட்டம் எளிதில் சாயும். மூன்று பக்கம் உடையது சாயாது. வடிவியல் வகுப்பில் படித்த இவ்வுண்மைதான் இங்கே உதவியது. பின்புறம் ஒரு குறுக்குச் சட்டம் சாய்வாக அறைந்ததும், ஆடிய பீடம் அப்படியே நின்றுவிட்டது.

மரம் ஈரத்தில் நெடுக்கில் வளர்வது மிகச் சிறிது, அகலத்திலேயே விரியும். மேற்பலகையை நாற்புறமும் இறுக்கினால் மழைக்காலத்தில் வளையும் அல்லது பிளக்கும். ஆதலால் நடுவில் மட்டும் இறுக்கி, ஓரங்களில் திருகாணித் துளைகளைச் சற்று நீளமாக்கினேன்.

கீழே, தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில், இசைத்தட்டுகளுக்கு அறை வைத்தேன். பெரிய தட்டின் உறை ஏறத்தாழ 31 சென்டிமீட்டர். அறையின் உயரம் 35 இருந்தால் எடுக்க வசதி. 15 சென்டிமீட்டருக்கு ஒரு தடுப்பு இருந்தால் தட்டுகள் நிமிர்ந்து நிற்கும். சாய்ந்து கிடப்பவை நாளடைவில் வளைந்துவிடும். பின்புறத்தை மூடவில்லை, காற்று புகாவிட்டால் உறைகளில் பூஞ்சை படரும். நூறு தட்டுகள் 20 கிலோவுக்குக் குறையா. அந்த எடை அடியில் இருப்பதால் பீடம் இன்னும் உறுதி பெறுகிறது. பாட்டே பாட்டைத் தாங்குகிறது எனலாம்.

உப்புத்தாளால் தேய்த்தபின் அவலரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசினேன். பழைய இசைத்தட்டுகளும் அரக்கையும் கல்தூளையும் கலந்து வார்க்கப்பட்டவையே. 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவில் கிராமபோன் கம்பெனி ஆலை தொடங்கியபோது, அரக்கு விளையும் நாடு அருகிலேயே இருந்தது. தட்டும் பீடமும் ஒரே பூச்சியின் கொடையைப் பூண்டு நிற்பது எனக்கு மகிழ்ச்சி தந்தது. நீர் தேங்கினால் அவலரக்கு வெளுக்கும். ஆதலால் ஈரக்கையால் தொடலாகாது.

செய்வதைப் போலவே நிறுத்துவதும் முக்கியம். பலகைத் தரை நடுவில்தான் மிகுதியாக வளையும். ஆகவே சுவரோரமாக, தரைக்கடியில் உத்தரம் ஓடும் இடத்தில் நிறுத்தினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த காலின்கீழ் மெல்லிய மரத்துண்டு செருகினேன். ஒலிபெருக்கியை வேறிடத்தில் வைத்தேன். ஒரே பலகையில் வைத்தால் அதன் அதிர்வு ஊசிக்குத் திரும்பி ஊளையிடும்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. பீடத்தின்மேல் ஒரு கிண்ணத்தில் நீர் வைத்து, அறையில் நடந்து பாருங்கள். நீரில் அலை எழுந்தால் இன்னும் வேலை இருக்கிறது. எழாவிட்டால் கிண்ணத்தை எடுத்துவிட்டுக் கருவியை வைக்கலாம். விடுதி அறையில் இருப்போர்க்கும் இது பொருந்தும். விலைமிகுந்த ஊசியை நாடுமுன், உங்கள் மேசையின் காலை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.